எட்டில் ஒருவர் எதிர்ப்பக்கம்

ஹைதராபாத்தின் வடமேற்கில் இருக்கும் ஜீடிமெட்லா, மருந்து, ரசாயனம், லேத் பட்டறை என்று தொழிற்பேட்டையாகவே பெயர் வாங்கிய இடம். ஆனால் மஹாளய அமாவாசை வந்துவிட்டால் சுற்றியுள்ள காலனிகளில் வேறு உற்பத்தி ஆரம்பமாகிவிடும். ஆவாரம்பூவையும் சாமந்தியையும் கோபுரமாக அடுக்கி நடுவில் வைத்து, பெண்கள் கைதட்டிச் சுற்றி வருவார்கள். 2014-ல் தெலங்கானாவின் மாநில விழாவாக அறிவிக்கப்பட்ட பதுகம்மா. நவராத்திரி என்பதால் நகரின் பல இடங்களில் தாண்டியா கோல்களும் வெளியே வந்துவிடும்.

எந்த வட்டத்திலும் ஒருவர் அரை அடி தாமதமாகத்தான் கை தட்டுவார். கார்ட்டூன் அந்த அரை அடியில் இருக்கிறது. நம் ஜோக் ஓவியர்கள் பலர் அதைப் பார்ப்பதில்லை. அவர்கள் கண்ணில் பட்டது இடுப்பின் சுற்றளவு. குண்டு மாமி ஆடினாள், மேடை உடைந்தது என்ற ஜோக்கை வாரப் பத்திரிகைகள் எத்தனை முறை போட்டிருக்கும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓவியருக்குச் சன்மானம் வந்துவிடும். அதைப் பார்த்த மாமி மறு வருடம் வட்டத்துக்கு வராமல் போகலாம். நஷ்டம் ஆட்டத்துக்கு.

ஆட்டக்காரர்களையே சிரிக்க வைத்து ஆட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் 'ஸ்கொயர் டான்ஸ்' உலகில் இதற்கென்றே ஒரு கார்ட்டூன் மரபு வளர்ந்தது. நான்கு ஜோடிகள் சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்க, மைக்கைப் பிடித்த 'காலர்' அடுத்த அடி என்ன என்று அந்தந்த நொடியில் கட்டளையிடுவார். முன்கூட்டி எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய் கட்டளைகளைக் கற்க வேண்டும். ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூடக் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான். ஒருவர் வலது இடது மறந்தால் போதும், எட்டுப் பேரும் சிக்கிக்கொள்வார்கள். கலைந்த சதுரம் மறுபடி சேரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

புதிதாகச் சேர்ந்தவர் வீட்டுக்கு ஓடிவிடுவது இந்த இடத்தில்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பாப் ஆஸ்குட் 1948-ல் தொடங்கிய 'செட்ஸ் இன் ஆர்டர்' பத்திரிகையில் ஃப்ராங்க் க்ரண்டீன் தொடர்ந்து கார்ட்டூன் வரைந்தார். 1968 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனைவி கேத்தியுடன் 'அமெரிக்கன் ஸ்கொயர் டான்ஸ்' பத்திரிகையை நடத்திய ஸ்டான் பர்டிக் இன்னும் ஒரு படி மேலே. அவரே ஒரு காலர், அவரே கார்ட்டூனிஸ்ட். மைக் பிடித்த இடத்திலிருந்து எல்லாத் தடுமாற்றங்களையும் பார்க்க முடிந்தவர். அடி தவறியது நான் மட்டுமல்ல என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் வகுப்புக்குப் போகத் தயக்கம் இருக்காது.

இந்த வித்தை தமிழுக்குப் புதிதல்ல. 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி 'ஆடல் பாடல்' எழுதியபோது, மாலியின் கோடுகள் வித்வான்களின் முகச்சுளிப்பையும் கையசைப்பையும் பிடித்துக் கொடுத்தன. கச்சேரி கேட்கும் காது இருந்ததால் வந்த கோடுகள் அவை. அவருக்குப் பின் வந்த கோபுலு, வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களில் பெயர் பெற்றவர். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குப் படம் போட்டவரும் அவர்தான். மோகனாவின் நடனமும் சவடால் வைத்தியின் கோணங்கித்தனமும் ஒரே தூரிகையிலிருந்து வந்தன. 2015-ல் தமது 90-வது வயதில் காலமானார். பக்கவாதத்தில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டவர். தடுமாற்றத்தைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டம் நகரும், காகிதம் நகராது. எனவே எந்த நொடியை நிறுத்துவது என்பதுதான் கேள்வி. எல்லாரும் விழுந்து கிடப்பதை வரைந்தால் அது வெறும் விபத்து. ஏழு பேர் சரியாகத் திரும்பியிருக்க, எட்டாமவர் மலர்ந்த முகத்துடன் எதிர்ப்பக்கம் கிளம்பும் நொடியை வரைந்தால் அது நகைச்சுவை. அந்த ஏழு ஜோடிக் கண்கள் எங்கே பார்க்கின்றன என்பதில் மீதிக் கதை வந்துவிடும். ஆனால் எது சரியான பக்கம் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மிடம் இதற்குச் சரக்கு குறைவில்லை. பின்னல் கோலாட்டம் ஒன்றே போதும். உயரே கட்டிய கயிறுகளைப் பிடித்துப் பெண்கள் உள்ளும் வெளியுமாகச் சுற்றச் சுற்றப் பின்னல் விழும். எதிர்த்திசையில் ஆடினால் அவிழும். ஒருத்தி ஓர் அடி தவறினால் சிக்கு விழுந்து எல்லார் தலைக்கு மேலேயும் தொங்கும். யார் செய்த தப்பு என்று பத்துப் பேரும் அண்ணாந்து பார்க்கும் காட்சிக்கு வசனமே தேவையில்லை.

ஜீடிமெட்லாவில் அடுத்த பதுகம்மாவுக்கும் பூக்கோபுரம் எழும்பும். நோட்டும் பென்சிலுமாகப் போகிறவர் ஓரமாக நின்று இடுப்பை அளக்காமல், ஒரு சுற்று உள்ளே போய் ஆடிப் பார்க்கலாம். முதலில் அடி தவறப்போவது அவர்தான். முதல் கார்ட்டூனுக்கு ஆளும் கிடைத்துவிடும்.