பதினெட்டுப் படிகள்

எங்க ஊர்க் கிளை நூலகம் மாடியில் இருக்கிறது. கீழே கடைகள், பக்கவாட்டில் குறுகலான படிக்கட்டு, பதினெட்டுப் படி. முழங்கால் வலி வந்த பிறகு அப்பா பேப்பர் படிக்கப் போவதை நிறுத்திவிட்டார். "செல்போன் வந்துடுச்சுல்ல, இனி யார் சார் லைப்ரரிக்குப் போறா?" என்கிறார்கள். அப்பாவை நிறுத்தியது செல்போன் இல்லை, படிக்கட்டு.

'இந்தத் தலைமுறை படிக்கிறதில்லை' என்று இலக்கியக் கூட்டங்களில் புலம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு செயலிக்கு ஆள் வரவில்லையென்றால் எங்கே தடுக்கிறது என்றுதான் முதலில் தேடுவோம். நூலகத்துக்கு மட்டும் ஏன் வாசகனைத் திட்டுகிறோம்?

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். தமிழ்நாட்டில் நான் மதிக்கும் நூலக வடிவமைப்பு அந்த வண்டிதான். வாசகன் இருந்த இடத்துக்கு அலமாரியே வந்தது.

காசு எங்கே என்பார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணம் போட்டது. அதன்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; இன்று ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டினால் நூலகத்துக்கென்று தனியாக நூறு ரூபாய். மாடி ஏற முடியாத அப்பாவும் அதை ஒழுங்காகக் கட்டுகிறார்.

சென்னைக்கு 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரைக்கு 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். நான் இவற்றுக்கு எதிரி இல்லை; கோட்டூர்புரத்தில் பல ஞாயிறுகளைக் கழித்தவன். ஆனால் எங்க ஊர்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் அங்கே போய்விட்டு வர முடியாது.

பளிங்குத் தரை யாரும் கேட்கவில்லை. தரைத்தளத்தில் இடம், வாசலில் சாய்தளம், ஜன்னலோரம் மேசை, தண்ணீர் வரும் கழிவறை. கழிவறை இல்லாத நூலகத்தில் ஒரு பெண் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து படிப்பாள்? இதைக் கேட்காமல் வாசிப்புப் பழக்கம் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு.

நூலகம் யாரோ போட்ட தர்மம் இல்லை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு, உங்க ஊர் நூலகத்துக்கு ஒருமுறை போங்கள். எத்தனை படி என்று எண்ணிவிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதுங்கள். அப்பா சார்பில் நான் எழுதிவிட்டேன்.