கார் முகம், ரயில் கால்

பழைய கார்ப் பிரியர்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "எல்லாம் கம்பெனி ஒரிஜினலா?" என்பதுதான். கார்களுக்கு அது நியாயமான கேள்வி. தண்டவாளத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டிகளுக்கு அது பொருந்தாது. ஏன் என்று புரிய, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஓடிய ‘கேலப்பிங் கூஸ்’ வண்டிகளைப் பார்க்கலாம்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் ரியோ கிராண்டே சதர்ன் ரயில்வே திவால் நிலையில் இருந்தது. ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் மலைப்பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றே அடி. கம்பெனிக்கு உயிர்நாடி தபால் ஒப்பந்தம். ஆனால் நாலு மூட்டைத் தபாலுக்காக நீராவி எஞ்சினைக் கிளப்பினால் டிரைவர், ஃபயர்மேன், கார்டு என ஒரு கூட்டத்துக்கே சம்பளம் தர வேண்டும். நிலக்கரிச் செலவு தனி.

எனவே 1931-இல் ரிட்ஜ்வே பணிமனையில் ஒரு பியூக் காரைப் பிரித்து முதல் வண்டியைக் கட்டினார்கள். பெரிய வண்டிகளுக்குப் பியர்ஸ்-ஆரோ. பணக்காரர்களின் சொகுசுக் கார் அது. தபால் சுமக்க வந்துவிட்டது! முன்னால் கார், பின்னால் சரக்குப் பெட்டி, ஓட்ட ஒரே ஆள். ஸ்டியரிங்குக்கு வேலையில்லை, சக்கரத்தின் உள்விளிம்பே வண்டியைத் தண்டவாளத்தோடு திருப்பிக்கொண்டுபோகும். ஏற்றத்தில் எஞ்சின் சூடேறாமலிருக்க பானெட்டின் பக்கத் தகடுகளைத் திறந்துவிடுவார்கள். சிறகு விரித்த வாத்து ஆடி ஆடி வருவதுபோலத் தெரியும். பெயருக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இன்று தண்டவாளப் பராமரிப்புக்கு வரும் ‘ஹை-ரெயில்’ லாரியை இதோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது வேறு இனம். அதன் ரப்பர் டயர்கள் அப்படியே இருக்கும். லெவல் கிராசிங்கில் சிறிய இரும்புச் சக்கரங்களை இறக்கித் தண்டவாளத்தில் ஏறும், வேலை முடிந்ததும் சாலைக்குத் திரும்பிவிடும். கூஸால் அது முடியாது. இலங்கையில் இரண்டு பேருந்துகளை முதுகோடு முதுகாக இணைத்து ஓட்டிய ரயில் பஸ்தான் கூஸுக்கு உறவு.

இனி அந்த ‘ஒரிஜினல்’ கேள்விக்கு வருவோம். உலகப் போருக்குப் பின் சில கூஸ்களின் பியர்ஸ்-ஆரோ முகத்தைக் கழற்றிப் பேருந்து உடலையும் ஜிஎம்சி எஞ்சினையும் பொருத்தினார்கள். தபால் ஒப்பந்தம் கைநழுவியதும் சரக்குப் பெட்டியில் ஜன்னல் வெட்டி, இருக்கை போட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். அதுவும் சீக்கிரமே நின்று, 1950-களின் தொடக்கத்தில் பாதையே மூடப்பட்டது. இதில் எந்தக் கட்டம் அசல்?

கோல்டன் நகர ரயில் அருங்காட்சியகத்தில் 7-ஆம் எண் வண்டி பியர்ஸ்-ஆரோ முகத்தோடு இருக்கிறது. டோலோரஸ் ஊரின் 5-ஆம் எண் பேருந்து முகத்தோடு. இரண்டும் சரி என்பேன். எங்கிருந்தோ ஒரு பியர்ஸ்-ஆரோ உடலைத் தேடி வந்து 5-ஆம் எண்ணுக்கு மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாதை மூடும்வரை வேலை பார்த்த வண்டி அதுவாக இருக்காது.