குண்டு விழுந்த ஊரிலிருந்து...

தோழா!

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலே ஒரு பீரங்கி முழங்கிற்று. ஆண்டு 1690, திங்கள் செப்டம்பர். எதிரியின் படையை நோக்கியல்ல அந்த முழக்கம், எல்லையை அளப்பதற்கு! செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் கும்பினியார் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் உண்டு என்பது பேச்சு. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையில்! நெடுந்தூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தனர். பல திசைகளிலும் சுட்டனர். குண்டு விழுந்த ஊரெல்லாம் கும்பினியின் ஊராயிற்று. 'குண்டு கிராமங்கள்' என்று அவற்றுக்குப் பெயரும் நிலைத்தது.

அன்று அவர்களைக் கண்ணாடிச் சாளரத்தின் முன்னே நிறுத்தி, "எதற்காக வந்தாய்? எத்தனை நாள் தங்குவாய்? திரும்பிப் போவாய் என்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டவர் யார்? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "வாணிகம் செய்ய வந்தோம் ஐயா, வேலை முடிந்ததும் புறப்பட்டுவிடுவோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். புறப்பட 257 ஆண்டுகள் ஆயின!

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். அந்தக் கோட்டையை வாங்கிய நாளில் சென்னையின் கவர்னராக இருந்தவர் எலிகு யேல். பிறந்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 1687 முதல் 1692 வரை இங்கே கோலோச்சினார். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவியிழந்தார். சென்னையில் குவித்த செல்வத்தோடு இலண்டன் திரும்பினார். 1718இல் அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியிலிருந்த ஒரு சிறு கல்விக்கூடத்துக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளிலே மஸ்லினும் காலிகோவும் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்ததாம். நன்றி மறவாத கல்விக்கூடம் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. அதுதான் இன்று உலகம் போற்றும் யேல் பல்கலைக்கழகம்!

இனி இன்றைய காட்சிக்கு வா. சிதம்பரத்திலே, 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே படித்துத் தேறிய ஒரு மாணவன். தந்தை ஒரு கழகத் தோழர். சுவரொட்டி ஒட்டிய கை, முந்திரிக் கொட்டை உடைத்த கை. பண்ருட்டிப் பக்கத்துத் தோப்பு அடமானத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவனுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஐ-20 என்ற தாளும் வந்துவிட்டது. அறிவாளிகள் கூடி, 'இவன் எங்களிடம் படிக்கத் தக்கவன்' என்று தீர்ப்பளித்தாயிற்று. இன்னும் ஒரு தீர்ப்பு பாக்கி. இரவு ரயிலேறி, எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையில், அண்ணா மேம்பாலத்தின் அருகே நிற்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் வரிசையிலே நிற்கிறான். கைப்பேசி கூடாது. கைரேகையும் நிழற்படமும் வேறோரிடத்தில் முன்கூட்டியே எடுத்தாயிற்று. உள்ளே சாளரம், கண்ணாடிக்கு அப்பால் ஓர் அதிகாரி, நின்றபடியே பேச்சு. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தோப்பின் கதி அதற்குள் முடிந்துவிடும்.

சாலையின் பெயரை நினைத்துப் பார். 1968இல் அறிஞர் அண்ணாவை சப் ஃபெல்லோஷிப் என்னும் சிறப்பு அளித்து அழைத்துப் பெருமை கொண்டது அதே யேல் பல்கலைக்கழகம். அவர் பெயர் தாங்கிய சாலையிலேதான் அவர் நாட்டு மாணவன் இன்று சான்றிதழ்க் கட்டோடு நிற்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1952ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214 (பி) பிரிவு, மாணவனாகவோ சுற்றுலாப் பயணியாகவோ வருகிறவனை, 'இவன் இங்கேயே தங்கிவிட வந்தவன்' என்று முதலில் எண்ணிக்கொள் என்கிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை வந்தவன் தலையில்! திருட்டு வழக்கிலே கூண்டில் நிற்பவனுக்குக்கூடக் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை நிரபராதி என்ற காப்பு உண்டு. படிக்கப் போகிறவனுக்கு இல்லை.

ஒவ்வொரு நாடும் தன் வாசலைக் காக்கும். அதை நான் மறுக்கவில்லை. கடவுச்சீட்டு வேறு, விசா வேறு. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித விடுதலையின் கூறு என்று 1967இல் நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கடவுச்சீட்டை நாம் உரிமையோடு கேட்கலாம். விசா அடுத்த வீட்டுக்காரர் தரும் இசைவு. கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1917இல் சட்டமியற்றி இந்தியருக்குக் கதவை அடைத்தார்கள். 1946இல் சற்றே திறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்றார்கள்! 1965இல்தான் அந்தப் பாகுபாடு நீங்கியது. இன்னொரு பக்கத்தையும் பார். 1860இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. கரும்புத் தோட்டத்துக்கு முதுகு தேவைப்பட்டபோது, 'திரும்பிப் போவாயா' என்ற கவலை முதலாளிக்கு எழவில்லை. மூளையோடு போகிறவனிடத்திலேதான் ஐயம் பிறக்கிறது!

இருக்கட்டும். சட்டம் நம் கையில் இல்லை. ஆயத்தம் நம் கையில் இருக்கிறது. அதிலேதான் நம்மவர் இடறுகிறார்கள். ஊருக்கு ஊர் தரகர் கூடம். "விசா உறுதி" என்று பலகை. உறுதி கூற இவர் யார்? என்னிடம் ஒரு தம்பி வந்தான். தரகர் எழுதிக்கொடுத்த நாற்பது கேள்வி, நாற்பது விடை, அத்தனையும் மனப்பாடம். நான் நாடகம் எழுதுகிறவன். ஒத்திகையின் அருமை தெரிந்தவன். "அந்தப் பல்கலைக்கழகத்தை ஏன் தேர்ந்தாய்?" என்றேன். கடகடவென்று ஒப்பித்தான். "அங்கே என்ன பாடம் படிக்கப் போகிறாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்றேன். திகைத்தான். அது தாளில் இல்லாத கேள்வி! கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கே விளக்க முடியாவிட்டால், நாளெல்லாம் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் அதிகாரியிடம் எப்படி விளக்குவது? ஒரே தரகரின் வசனத்தைக் காலையிலிருந்து பத்துப் பேர் வாயால் கேட்டவரல்லவா அவர்!

இதைவிடக் கொடியது பொய்த்தாள். வங்கிக் கணக்கிலே பத்து நாளைக்குக் கடன் பணம் போட்டுக் காட்டுவது, இல்லாத வேலைக்குச் சான்று வாங்குவது. இவை தரகருக்கு வாடிக்கை. அகப்பட்டால் தரகருக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு நிலையான தடை. டி.எஸ்.160 படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்காதே. அதிலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பொறுப்பு உன்னுடையது. ஐந்தாண்டில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளையும் அதில் எழுத வேண்டும். 2025 சூன் முதல் மாணவர்கள் அவற்றை எல்லோரும் காணத் திறந்து வைக்கவும் வேண்டும். மேடையிலே பேசுகிற நமக்கு இது கசக்கிறது. கசப்பைச் சொல்லத்தான் வேண்டும். அதற்காகக் கணக்கை மறைத்துப் பொய் எழுதாதே.

விசாக் கட்டணம் 185 டாலர். மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மறுத்தால் ஒரு காசும் திரும்பாது, மேல்முறையீடும் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், மறுபடி 185 டாலர். இதை முன்பே அறிந்தால் தோப்பை அடமானம் வைக்கும் தந்தை ஒரு தரம் யோசிப்பார். ஐதராபாத் பக்கம் சில்கூரிலே விசாவுக்கென்றே ஒரு சாமி இருக்கிறார். பதினொரு சுற்று, பலித்தால் நூற்றெட்டுச் சுற்று. சுற்றுகிறவர் சுற்றட்டும், படிவத்தை ஒரு சுற்றுப் படித்துவிட்டுச் சுற்றட்டும்!

மறுப்புத் தாளோடு ஊர் திரும்பும் பிள்ளையைப் பார்த்திருக்கிறாயா? தெருவே துக்கம் விசாரிக்கிறது. "என்ன சொன்னாய்? எங்கே தவறினாய்?" என்று ஆளுக்கொரு விசாரணை. சாளரத்தில் மூன்று நிமிடம் நின்றவன் வீட்டிலே மூன்று மாதம் கூண்டில் நிற்கிறான். 214 (பி) என்ற முத்திரை அவன் அறிவுக்கு இட்ட மதிப்பெண் அல்ல. அந்த நாளில், அந்த அதிகாரிக்கு, அந்தத் தாள்கள் போதவில்லை; அவ்வளவுதான் அதன் பொருள். இதைத் தெருவுக்குச் சொல்ல வேண்டியவன் நீ.

கடலூரிலும் சிதம்பரத்திலும் நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன. ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கு. போய் வந்த பிள்ளைகளையும் போகவிருக்கும் பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வை. படிவத்தை வரிவரியாகப் படிக்கட்டும். காசு வாங்காதே.

தாய்மாரையும் அழைத்து வா. 2025இல் விதி இறுகிவிட்டது; எண்பது வயதுப் பாட்டியும் பெரும்பாலும் நேரில் வந்தாக வேண்டும். காட்டுமன்னார்கோவில் பக்கத்து அம்மையார் ஒருவர், மகளின் தலைப்பேற்றுக்குப் போக வேண்டியவர், "இங்கிலீசு தெரியாதே, வாயைத் திறந்தால் சிரிப்பார்களே" என்று நடுங்கினார். அங்கே தமிழிலேயே பேசலாம் அம்மா என்றேன். நம்பவில்லை. "என்ன சொல்வீர்கள், என்னிடமே சொல்லிப் பாருங்கள்" என்றேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "மகளுக்குப் பேறுகாலம். பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வந்துவிடுவேன். குறுவை நடவு இருக்கிறது. நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பது?"