மௌனம் பதிலாகாது

ஒருவர் தாம் எழுதிய கவிதையையோ சிறுகதையையோ ஓர் இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பினால், அவருக்குப் பதில் எழுதப் பத்திராதிபர் கடமைப்பட்டவரா, இல்லையா? இக்கேள்வி அற்பமானதென்று சிலர் நினைக்கக்கூடும். நாட்டில் இதைவிடப் பெரிய விவகாரங்கள் எத்தனையோ இருக்க, தலையங்கத்தில் இதற்கென்ன இடம் என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு பாஷையின் நாளைய இலக்கியம் இன்று பத்திராதிபர்களின் மேஜையிலும் மின்னஞ்சல் பெட்டியிலும் காத்துக் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளிலேதான் இருக்கிறது. அவற்றை நாம் எப்படி நடத்துகிறோமோ அப்படியே நமது இலக்கியமும் அமையும். ஆகவே பதில் எழுதுவது பத்திராதிபரின் கடமையே என்றும், அக்கடமை தவறுவதால் விளையும் கேடு சிறிதன்று என்றும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கங்கைகொண்டானை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்கு வடக்கே, மணியாச்சி செல்லும் ரயில் பாதையில், சிற்றாற்றங்கரையில் உள்ள பழைய ஊர் அது. இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் அங்கே இருக்கிறது. பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, இரவில் கதை எழுதும் இளைஞர் ஒருவர் அவ்வூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு எந்தப் பத்திராதிபரையும் தெரியாது. சென்னையில் நடக்கும் புத்தக வெளியீட்டுக் கூட்டங்களுக்குப் போய்வர விடுமுறையும் இல்லை. வழிச்செலவுக்குப் பணமும் இல்லை. கதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு மாதம் போகிறது. மூன்று மாதம் போகிறது. ஆறு மாதமும் கழிகிறது. கதை போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, தள்ளிவிட்டார்களா என்பது ஒன்றும் தெரியவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பலாகாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, வேறிடத்துக்கும் அனுப்பாமல் இருக்கிறார். இப்படி மூன்று கதைகளுக்கு நேர்ந்தால், நான்காவது கதையை எழுதும் ஊக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்?

சென்னையிலோ மதுரையிலோ நாலு பேரைத் தெரிந்தவராக இருப்பவரின் நிலைமை வேறு. பத்திராதிபரை ஒரு கூட்டத்தில் கண்டு, "கதை என்னவாயிற்று?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்டவரின் கதை கட்டிலிருந்து மேலே வந்துவிடும். கேட்க வழியற்றவரின் கதை அடியிலேயே கிடக்கும். ஆகவே பத்திராதிபரின் மௌனம் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. அது கிராமத்தானை அதிகமாகத் தாக்குகிறது; அறிமுகம் உள்ளவனை விட்டுவிடுகிறது. ஒருவரும் திட்டமிடாமலே, இலக்கியப் பத்திரிகை ஒன்று தெரிந்தவர்களின் சங்கமாக மாறிப்போவது இவ்வாறுதான். நமது ஆட்சேபத்தின் சாரம் இதுவே.

பொருநைக் கரைக்கு இவ்விஷயத்தில் நீண்ட அனுபவம் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, 1892-ஆம் ஆண்டில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற கதையை 'விவேக சிந்தாமணி'யில் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். அது இடையிலே நின்றுபோயிற்று. அவர் அதைக் கைவிடவில்லை. 1903-இல் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் புத்தகமாக்கினார். பத்திரிகை நிறுத்தினால் புத்தகமாகப் போடும் வசதியும் உறுதியும் அவருக்கு இருந்தன. எட்டயபுரத்துப் பாரதியாரின் 'தனிமை இரக்கம்' என்ற செய்யுளை மதுரையின் 'விவேகபாநு' 1904-இல் வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை. திருநெல்வேலியில் கல்லூரிப் படிப்பு முடித்த சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தனின் எழுத்துக்கு, தென்காசிக்காரராகிய டி. எஸ். சொக்கலிங்கம் நடத்திய 'காந்தி' 1933-இலும், 'மணிக்கொடி' 1934-இலும் இடங்கொடுத்தன. அந்த இடம் கிடைத்திராவிட்டால் தமிழ்ச் சிறுகதை இன்றுள்ள நிலையை அடைந்திருக்குமா?

இவர்களுக்குப் பின் வந்த காலமும் இதே பாடத்தைத்தான் புகட்டுகிறது. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த கி. ராஜநாராயணனின் 'மாயமான்' கதையை, வ. விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' 1958-இல் வெளியிட்டது. ஆசிரியருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. மறு ஆண்டு ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கையின் திருகோணமலையில் இருந்த, இருபது வயதைத் தாண்டியிராத தருமு சிவராமு என்ற இளைஞரின் எழுத்து, கடல் கடந்து வந்து 1960-இல் அதில் அச்சேறியது. பிரமிள் என்ற பெயரில் தமிழுலகம் பின்னர் அறிந்தது அவரைத்தான். செல்லப்பா 1962-இல் வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இடம்பெற்றன. பணபலம் இல்லாத ஒரு தனி மனிதர், தம் புத்தகங்களைத் தாமே சுமந்து சென்று விற்றுக்கொண்டு, இத்தனை புதியவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஊரும் பெயரும் பாராமல் எழுத்தைப் பார்ப்பதே சிற்றிதழின் ஜீவன். அது போய்விட்டால் மிஞ்சுவது காகிதமும் மையுந்தான்.

நாம் சொல்வதைத் தவறாகக் கொள்ளலாகாது. வந்ததையெல்லாம் பிரசுரிக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை பத்திராதிபருக்கே உண்டு. அதில் தலையிட எவருக்கும் பாத்தியதை இல்லை. நிராகரிக்கப்பட்டவர் ஒருநாள் வருந்துவார். மறுநாள் கதையைத் திருத்துவார், அல்லது வேறு பத்திரிகைக்கு அனுப்புவார். நிராகரிப்பு ஒரு தீர்ப்பு. மௌனமோ தீர்ப்பே கூறாமல் வழக்கை ஒத்திவைத்துக்கொண்டே போவதற்கு ஒப்பாகும். எதிரான தீர்ப்பைவிட முடிவில்லாத வாய்தா கட்சிக்காரனை அதிகமாக நாசம் செய்யும் என்பது நீதிமன்றப் படிக்கட்டு ஏறிய எவருக்கும் தெரியும்.

சிற்றிதழ் நடத்துவோர் கூறும் சமாதானமும் நமக்குத் தெரியாததன்று. சம்பளம் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை, ஜீவனத்துக்கு வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இரவில் கண்விழித்துப் பத்திரிகை வேலை செய்கிறார்கள். அவர்களுடைய தியாகத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் நாம் கேட்பது விமரிசனமன்று, விளக்கமும் அன்று. "கிடைத்தது" என்று ஒரு வரி. "வெளியிட இயலவில்லை" என்று மற்றொரு வரி. தபால் காலத்தில், போதிய தபால்தலை ஒட்டிய உறை இணைக்காவிட்டால் பிரதியைத் திருப்பி அனுப்ப இயலாது என்று பத்திரிகைகள் அறிவித்து வந்தன, அது நியாயமே. மின்னஞ்சலுக்கோ உறையும் வேண்டாம், தபால்தலையும் வேண்டாம். அதுவும் முடியாதென்றால், "மூன்று மாதத்துக்குள் எம்மிடமிருந்து தகவல் வராவிட்டால் வேறிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம்" என்று ஒவ்வோர் இதழிலும் அச்சிடட்டும். ஆங்கில இலக்கியப் பத்திரிகைகள் பல, பிரதிகளை ஏற்கும் காலத்தையும் பதில் கூறும் தவணையையும் முன்கூட்டியே அறிவிக்கின்றன. இந்நல்வழக்கத்தை நாமும் மேற்கொள்ளலாம். அவற்றுட் சில, படித்துப் பார்ப்பதற்கே எழுத்தாளரிடம் கட்டணம் வாங்குகின்றனவே, அவ்வழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம்.

பத்திரிகையைத் தாண்டிப் புத்தகத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. பிரசுரத்துக்குப் பணம் தேடும் துன்பம் தமிழ் ஆசிரியனுக்குப் புதிதன்று. கடையத்தில் வாழ்ந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டில், பாரதியார் தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் வீதம், ஆக 4 லட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, வட்டிக்குக் கடன் தரும்படி அன்பர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அது கைகூடவில்லை, 1921 செப்டம்பரில் அவர் காலமானார். இன்று நூறு பிரதிகளும் அச்சிடலாம், அதற்குக் குறைவாகவும் அச்சிடலாம். ஆகவே செலவு முழுவதையும் ஆசிரியர் தலையிலேயே சுமத்தும் பிரசுராலயங்களும் தோன்றியிருக்கின்றன. ஒருவர் தம் பணத்தில் தம் புத்தகத்தைப் போட்டுக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை. அச்சுக்கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்குவதும் நேர்மையான வியாபாரமே. "உங்கள் கவிதைகள் எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டன" என்று புகழ்ந்துவிட்டு, அதன்பின் பணம் கேட்பதுதான் மோசடி. தேர்வு உண்மையானால் நஷ்டத்துக்கும் பதிப்பாளரே துணிய வேண்டும். நஷ்டம் ஆசிரியருடையதானால் தேர்வு என்ற பேச்சே கூடாது.

சட்டத்தையும் இங்கே சற்று நினைவூட்டுகிறோம். நமது நாட்டில் அமலில் உள்ள 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கதையோ கவிதையோ எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு உண்டாகிறது. பதிவு செய்தாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பிரசுரத்துக்கு அனுப்பியதனாலேயே அவ்வுரிமை போய்விடுவதில்லை. அதைப் பிறருக்கு மாற்றிக்கொடுப்பதாயின், எழுத்து மூலமாக, கையொப்பத்தோடு கொடுத்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று பத்திரத்தில் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்தப் பிரதேசத்துக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வேறு நிபந்தனை எழுதப்படாதவரை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அவ்வுரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். கங்கைகொண்டான் இளைஞர் இந்த நான்கு விஷயங்களை அறிந்திருந்தால், புத்தகம் வரப்போகும் மகிழ்ச்சியில் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடமாட்டார்.

எழுத்தாளருக்கும் கடமைகள் உண்டு. ஒரு பத்திரிகையின் ஓர் இதழையேனும் படிக்காமல் அதற்குக் கதை அனுப்புவது, வீட்டுக்காரர் யாரென்று அறியாமல் விருந்துக்குப் போவது போன்றது. சந்தா கட்ட மனமில்லாத நூறு பேர் கவிதை அனுப்பினால் அப்பத்திரிகை எப்படி உயிர் வாழும்? பிழை திருத்திய பிரதியையே அனுப்ப வேண்டும். தம்மிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பே வெளிவந்ததை மறைக்கலாகாது. ஓரிடத்தில் ஏற்கப்பட்டால் மற்ற இடத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பதில் வரவில்லையென்று குறைகூறும் எழுத்தாளர், பத்திராதிபருக்குத் தாம் தர வேண்டிய பதில்களையும் தவறாமல் தர வேண்டாமா?

கடைசியாக, எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சிகாகோ நகரில் ஹாரியட் மன்றோ என்ற அம்மையார், 1912-இல் கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு முன் அந்நகரப் பிரமுகர்களை நேரில் கண்டு, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டுகள் கொடுக்க நூறு பேரிடம் வாக்குப் பெற்றார். அதனால் முதலிலிருந்தே கவிஞர்களுக்குச் சன்மானம் கொடுக்க அவரால் இயன்றது. வக்கீல்களும் வைத்தியர்களும் வியாபாரிகளும் நிறைந்த திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும், ஒரு சிற்றிதழுக்கு ஐந்தாண்டுச் சந்தா செலுத்த நூறு பேர் கிடைக்கமாட்டார்களா? பத்திராதிபரின் தனிமையைக் குறைத்தால் அவருடைய மௌனமும் குறையும்.

நமது வேண்டுகோள் மூன்றே: பத்திரிகைகள் பதிலுக்கு ஒரு தவணை வைத்து அதை அச்சிட்டுக் காப்பாற்றட்டும், பிரசுராலயங்கள் பணம் யாருடையது, உரிமை யாருடையது, எத்தனை பிரதிகள் என்பதை எழுத்தில் கொடுக்கட்டும், படிப்போர் சந்தா செலுத்தட்டும். இவற்றுள் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. சர்க்காரின் தயவும் வேண்டியதில்லை. மனம் இருந்தால் அடுத்த இதழிலேயே தொடங்கிவிடலாம். கங்கைகொண்டானிலிருந்து வரும் கதை நல்லதா அல்லதா என்பதைப் பத்திராதிபர்கள் தீர்மானிக்கட்டும். தீர்மானித்ததை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அவர்கள் அதைச் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.