இரண்டு மார்க் கேள்வியும் எங்க வீட்டுக் கரி அடுப்பும்

ஊட்டியில் பனி தொடங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. ராத்திரியானால் நம்மில் பலர் வீட்டில் கரி அடுப்பு உள்ளே வந்துவிடும். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தாகிவிடும்.

போன ஜனவரியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நடுராத்திரியில் பாட்டி, "தலை வலிக்குதுடா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் தலை சுற்றியது. அப்பா எழுந்து கதவைத் திறந்தார். பிழைத்தோம்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. காற்று போதாமல் கரி எரியும்போது வருவது. நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம். "புகையே இல்லையே, வெறும் கங்குதானே" என்பார் பாட்டி. அந்தக் கங்குதான் ஆபத்து!

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பரீட்சையில் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கினேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. தப்பு பாட்டி மேலயா, என் மேலயா? என் மேலதான்.

அப்போ குளிருக்கு என்ன செய்வது? குளிர் காயலாம், ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும். படுக்கும் முன் அடுப்பு வெளியே போகட்டும். அப்புறம் ஸ்வெட்டர், கம்பளி போதும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள். தலைமாட்டில் ஒரு டார்ச் இருக்கட்டும்.

மார்க்குக்காகப் படித்ததை இன்றைக்கு ராத்திரியே வீட்டில் சொல்வோமா, நண்பர்களே?

– பத்தாம் வகுப்பு மாணவன்