முகம் சாட்சி சொல்லாது

கடலூர்ப் பக்கம் வள்ளலார் பேச்சை எடுத்தால் மஞ்சக்குப்பம் கோர்ட் கதை வராமல் இருக்காது. 1869இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்குக்காக வள்ளலார் உள்ளே நுழைகிறார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். வழக்குப் போட்ட நாவலரும் தம்மையறியாமல் எழுந்துவிடுகிறார். அதைப் பார்த்த நீதிபதி வழக்கைத் தள்ளிவிடுகிறார். கேட்க இனிக்கிற கதைதான். சொல்பவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: “ஆளைப் பார்த்தாலே தெரியாதா?” எனக்குச் சண்டை அந்த வரியோடுதான், வள்ளலாரின் பெருமையோடு அல்ல. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்பது நாவலரின் புகார். பேசினார்களா இல்லையா என்பதைக் கூட்டத்தில் இருந்த காதுகள்தான் சொல்ல வேண்டும். கோர்ட்டில் எழுந்து நின்ற கால்கள் சொல்ல முடியாது. எல்லாரும் எழுந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வந்தவர் யாரென்று அவர்களுக்கு முன்பே தெரியும். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டவர் அவர். தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் முகத்தில் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வள்ளலாருக்கு நம்பத்தக்க புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. பண்ருட்டிக் குயவர் ஒருவர் செய்துவந்த மண்பதுமையை அவர் கீழே போட்டு உடைத்ததாகக்கூடச் சொல்வார்கள். நாமோ ஓவியர் வரைந்த காலண்டர் படத்தைக் காட்டி, “முகத்திலேயே அருள் சொட்டுது பாருங்க” என்கிறோம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வள்ளுவரே குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறாரே என்றும் கேட்பார்கள். வைத்திருக்கிறார். ஆனால் குறிப்பு என்பது அந்த நேரத்து மனம். கோபம், நாணம், துக்கம், பசி எல்லாம் முகத்தில் வரும், போகும். குணம் அப்படி வந்துபோவதல்ல, பல நாள் கணக்கு. அதனால்தான் ஆளைத் தேர்ந்து வேலை கொடுக்கும் இடத்துக்குத் தெரிந்துதெளிதல் என்று வேறோர் அதிகாரம் எழுதினார். அங்கே உரைகல் அவரவர் செய்கை. இரண்டையும் குழப்பிக்கொள்வது நாம்தான், அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடொரோவும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டார்கள். அந்த நேரத்துக்குள் போட்ட மதிப்பும் ஆற அமரப் பார்த்துப் போட்ட மதிப்பும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாகக் கூடியது, தான் சொன்னது சரி என்ற உறுதி. போலீஸ்காரர், நீதிபதி போன்ற அனுபவசாலிகளை ஏமாற்ற முடியாது என்பது அடுத்த வாதம். ஏறத்தாழ 24,000 பேர் பங்கேற்ற ஆய்வுகளைச் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதே ஆண்டில் தொகுத்துப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்பதை மனிதர்கள் 100க்கு 54 முறைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டினாலே 50 வரும். தொழிலே அதுவாக உள்ளவர்களும் மற்றவர்களைவிட மேலாக இல்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்திலேயே முத்தநாதன் இருக்கிறான். உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்துத் திருக்கோவலூர் அரசரைக் கொல்ல அரண்மனைக்கு வருகிறான். ஒவ்வொரு வாசலும் அவனுக்குத் திறக்கிறது. கடைசி வாசலில் காவலன் தத்தன் மட்டும், அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்து வாருங்கள் என்கிறான். அவனும் சந்தேகப்பட்டுத் தடுக்கவில்லை. வேடத்தை நம்பியதால்தானே அந்த அரசர் மெய்ப்பொருள் நாயனார் ஆனார் என்று கேட்கலாம். அவர் நம்பினார் என்பதைவிட மதித்தார் என்பதே சரி. கத்தி பாய்ந்த பிறகும், வந்தவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொல்கிறார். இவன் நல்லவன் என்று கணித்தவர் செய்கிற காரியமா இது? எவன் அணிந்திருந்தாலும் திருநீற்றை வணங்குவது அவர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். நம் “பார்த்தாலே தெரியும்” அப்படிப்பட்டதல்ல. அதற்கு விலை கொடுப்பவர் பார்த்தவர் அல்லர், பார்க்கப்பட்டவர்.

1993இல் அந்த விலையைக் கொடுத்தவர் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி. நகைத் திருட்டு ஒன்றில் சந்தேகம் என்று கம்மாபுரம் போலீசார் கொண்டுபோனார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். பிறந்த குலத்தை வைத்தே குற்றவாளி என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சுதந்திரத்தை ஒட்டி அதை நீக்கினார்கள். பார்க்கிற கண்ணிலிருந்து யாரும் நீக்கவில்லை. வாசலில் முன்பின் தெரியாத ஆள் நின்றால் உடனே முடிவெடுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம், அது எச்சரிக்கை. திருடன் என்று கூப்பாடு போடுவது தீர்ப்பு. கம்மாபுரத்தில் நடந்தது தீர்ப்பையும் தாண்டியது: அடித்தே கொன்றார்கள். இந்த வழக்கை வைத்து எடுத்த ‘ஜெய் பீம்’ படத்தை 2021இல் பார்த்து அழுத நாம், குற்றமற்றவர் யாரென்று கேமரா முதலிலேயே காட்டிவிட்ட வசதியில் அழுதோம். 1993இல் அந்த வசதி யாருக்கும் இல்லை. ஆள் தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். குறவர் என்றால் ஓடத்தான் செய்வார் என்று பழகிய காதுக்கு அது பொருத்தமாகவே கேட்டிருக்கும். அவர் மனைவி பார்வதி நம்பவில்லை, வழக்கறிஞர் கே. சந்துரு மூலம் உயர் நீதிமன்றம் வரை போனார். அவருக்கு ராஜாக்கண்ணுவைப் பல வருஷமாகத் தெரியும்.