இரட்டைப் பூட்டு கருவூலத்துக்கு மட்டும்தானா?



கல்லங்குறிச்சியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளும் சுரங்கங்களும் வந்தபின் இங்கே அரைக்காணி நிலத்துக்கும் விலை உண்டு, வில்லங்கமும் உண்டு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பல குடும்பங்களுக்குச் சோறு.

அந்தப் பட்டா மாறுதலுக்கு அதிகாரி இப்போது பேனாவை எடுப்பதில்லை. பென்டிரைவ் மாதிரியான டோக்கனைக் கணினியில் செருகி, ரகசிய எண்ணைத் தட்டி, டிஜிட்டல் கையொப்பம் இடுகிறார். டோக்கன் களவு போனாலும் எண் தெரியாமல் ஒப்பமிட முடியாது. எண் தெரிந்தாலும் டோக்கன் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அண்மையில் நான் போன ஓர் அலுவலகத்தில் அதிகாரி வெளியே போயிருந்தார். டோக்கன் கணினியிலேயே செருகியிருந்தது, எண் திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் இருந்தது. கையொப்பம் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது! கேட்டால், "சார் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. இல்லேன்னா நீங்கதானே அலையணும்" என்றார் தற்காலிக ஊழியர். வேலைப்பளு இருக்கலாம். அதற்காகக் கையெழுத்தை இரவல் கொடுப்பதா? அந்த அறைக்குக் காவலும் இல்லை, கதவில் தாழ்கூட இல்லை. கேமரா மட்டும் இருக்கிறது, வராண்டாவைப் பார்த்தபடி.

டோக்கனுக்குள் இருக்கும் கையொப்பத் திறவியைத் தன் வசத்திலேயே வைத்திருப்பது அதற்கு உரியவரின் கடமை என்கிறது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அரசுக்கு இது தெரியாததும் அல்ல. முத்திரைத்தாள் இருக்கும் கருவூலப் பெட்டக அறைக்கு வெளியே போலீஸ் காவல், கதவுக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு அலுவலர்களிடம். தனியாக ஒருவர் திறக்கவே முடியாது. முத்திரைத்தாளுக்குள்ள மரியாதை எங்கள் பட்டாவுக்கு ஏன் இல்லை?

2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வை மறந்துவிட்டோமா? ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களின் விடைத்தாள்களில் சென்னைக்குப் போகிற வழியிலேயே விடைகள் மாற்றப்பட்டன; 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். வெளியாள் யாரும் பூட்டை உடைக்கவில்லை. காபந்து செய்ய வேண்டிய இடத்தில் இருந்தவர்களே கைகொடுத்தார்கள்.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தால் டோக்கனும் அவரோடு போக வேண்டும். விடுப்பில் போனால் பொறுப்பு அதிகாரி தன் டோக்கனில்தான் ஒப்பமிட வேண்டும். எந்த நேரத்தில், எந்தக் கணினியில் ஒப்பம் விழுந்தது என்ற பதிவைப் பட்டாதாரர் கேட்டால் தர வேண்டும். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறார்களே, அடுத்த ஜமாபந்தியில் இந்தப் பதிவையும் மேசைமேல் வைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிடட்டும்.

– ஒரு பட்டாதாரர்,
கல்லங்குறிச்சி, அரியலூர் மாவட்டம்.